அச்செனுக்கு ஒரு கல்லறை

ஜூலை 3, வியாழன்

வெர்னா அம்மா வருகிறாராம். இந்த மாதக் கடைசியில் கனடாவிலிருந்து வரும் சபைக் குழுவில் அவர் பெயரும் இருக்கிறது. ஒன்பது வருஷமாக எங்கள் சபை உதவித் திட்டத்துப் பிள்ளை அபியோவின் படிப்பையும் சாப்பாட்டையும் தாங்குகிறவர். பாஸ்டர் ஒக்விருக்குக் கால் தரையில் பாவவில்லை. "எல்லாக் கோப்பும் சுத்தமா இருக்கணும், அமொங்கி" என்று நாலு தரம் சொல்லிவிட்டார்.

அதனால் உதவி பெறும் பிள்ளைகள் எல்லாருக்கும் இன்று உயரம் எடுத்தோம். அபியோ 141 செ.மீ. பிப்ரவரியில் 144 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மறுபடி நிற்க வைத்தேன். 141தான். "அப்போ செருப்பு போட்டிருந்தியா?" என்று கேட்டேன். அவசரமாகத் தலையாட்டினாள். நாங்கள் யாரையும் செருப்போடு அளப்பதில்லை.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்து மாதத்தில் குட்டையாகுமா?

ஜூலை 5, சனி

யாரிடமும் சொல்லாமல் அபியோவின் அம்மா மில்ட்ரெட் வீட்டுக்குப் போனேன். எங்கள் அலுவலகத்திலிருந்து வீடு வீடாகப் பார்க்கப் போகிறவர்கள் எப்போதும் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போவார்கள். என் வேலை கடிதங்களை மொழிபெயர்ப்பது; அந்த முற்றத்தை நான் இதுவரை மிதித்ததில்லை.

முற்றத்தில் இரண்டு அபியோ. ஒருத்தி எள் புடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பள்ளிச் சீருடையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தைத்தவள் உள்ளே ஓடினாள். ஓடி என்ன?

அபியோ என்றால் எங்கள் மொழியில் இரட்டையில் முதலில் பிறந்தவள். இரண்டாவது பிறந்தவள் அச்சென் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டாள் — கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதியவள் நான்.

மில்ட்ரெட் அழவில்லை. முக்காலியைத் தள்ளிவைத்தாள். "உக்காருங்க அக்கா. வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் எடுப்பாங்கன்னு சொன்னாங்க. எதைக் குடுப்பேன், எதை விடுவேன்? இன்னொண்ணு செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வந்து மூணு நாள் எனக்குத் தண்ணி இறங்கலை."

"அப்புறம்?"

"ஒருநாள் இவ, ஒருநாள் அவ. பள்ளிக்கூடமும் அப்படித்தான், உங்க சோறும் அப்படித்தான். சாயங்காலம் போயிட்டு வந்தவ மத்தவளுக்குப் பாடம் சொல்லுவா."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"ஊருக்கே தெரியும். வாத்தியாருக்கும் தெரியும். உங்க ஆபீசுக்குத்தான் தெரியாது."

வெர்னா அம்மாவுக்குப் போன கடிதங்கள்? கேட்டேன். உள்ளே ஓடியவள் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "படம் போடுறது அபியோ. எழுதுறது நான்."

அப்படியானால் ஒன்பது வருஷமாக யாருடைய வார்த்தைகளை நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்?

ஜூலை 6, ஞாயிறு

இதை மனதில் வைத்துக்கொண்டு இன்று ஆராதனையில் திருவிருந்து அப்பத்தை வாங்க முடியவில்லை. பாஸ்டர் கவனித்தார்.

ஜூலை 9, புதன்

வெர்னா அம்மாவிடமிருந்து மின்னஞ்சல். அவரும் இரட்டையாம். தங்கை ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். அத்தனை பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் அபியோவை எடுத்தது அதனால்தான். அச்சென் பெயரை ஒரு சின்னக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து கல்லறையில் வைத்து ஜெபிக்க வேண்டுமாம்.

பாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

தாங்கவில்லை, பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இருநூறு பிள்ளைங்க இருக்காங்க அமொங்கி. இந்த ஒரு பொய் வெளிய போச்சுன்னா எல்லாரையும் சந்தேகப்படுவாங்க. இருநூறு தட்டும் கவிழும்" என்றார். மேஜையைப் பார்த்தபடியே அடுத்ததையும் சொன்னார். "வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மண்ணைக் குவிச்சா போதும். அஞ்சு நிமிஷ ஜெபம். அந்தம்மா நிம்மதியா போயிடுவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நான் ஏன் முடியாது என்று சொல்லவில்லை? என் வேலைக்குப் பயந்தா? பிள்ளைகளுக்காகவா? இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

ஜூலை 19, சனி

செய்தியை மில்ட்ரெட்டிடம் கொண்டுபோனவளும் நான்தான். களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்குற பிள்ளைக்குக் குழி காட்டச் சொல்றீங்களா? உங்க பாஸ்டர் தன் பிள்ளைக்குக் காட்டுவாரா?"

அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்துப் போட்டாள்.

"ஒருதரம் வாயால கொன்னேன். இப்போ கையாலயும் கொல்லணுமாக்கும். நான் மண்ணைத் தொட மாட்டேன் அக்கா. வர்றவங்களைத் தடுக்கவும் மாட்டேன். என்னமோ பண்ணுங்க."

கிளம்பும்போது அச்சென் என் கூடவே சாலை வரை வந்தாள். "என் பேருல குழி வச்சா எனக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன். அப்படித்தானே?

ஜூலை 22, செவ்வாய்

பாஸ்டர் இரண்டு ஆட்களை அனுப்பினார். மண் குவித்தாயிற்று. சுற்றிலும் வெள்ளைக் கற்கள் வேறு.

ஜூலை 23, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வெர்னா அம்மா உயரம், கொஞ்சம் கூன். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவராம். மில்ட்ரெட் வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் அபியோவைக் கட்டிக்கொண்டு நின்றார், விடவே இல்லை. அச்செனைப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்திருந்தோம். கோழிக்குழம்பு பரிமாறினாள் மில்ட்ரெட். விருந்தாளி சாப்பிட்டது இரண்டு வாய். பையிலிருந்து துண்டு சுற்றிய கல்லை எடுத்து, "போகலாமா?" என்றார்.

வீட்டுக்குப் பின்னால், மண் குவித்திருந்த மாமரத்தடிக்குப் போனோம். முழங்கால் வலியோடு மெதுவாக மண்டியிட்டார். கல்லை மண்மேல் வைத்து, விரலால் பெயரைத் தடவினார். பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார் — அவ்வளவுதான். அபியோ கத்தினாள்.

"எடுங்க அதை! அவ பேரை மண்ணுல வைக்காதீங்க! அவ சாகலை!"

எங்கள் மொழியில் கத்தினாள். வெர்னா அம்மா பதறிப்போய் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றா? என்ன சொல்றா குழந்தை?"

பாஸ்டர் என் காதருகே, "துக்கம் தாங்காம அழறான்னு சொல்லு" என்றார்.

இருபது வருஷமாக மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தன் தங்கை சாகவில்லை என்கிறாள்" என்றேன் ஆங்கிலத்தில். "அது உண்மை."

மில்ட்ரெட் உடனே குரல் கொடுத்தாள். "அச்சென்! வாடி இங்கே!" அவளும் வந்தாள், பழுப்புப் பாவாடையும் வெறுங்காலுமாக. அக்காவின் பக்கத்தில் நின்றாள். மூன்று விரல் குட்டை.

வெர்னா அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கை இன்னும் மண்ணில் ஊன்றியிருந்தது. "உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்று என்னைக் கேட்டார்.

"பதினெட்டு நாளாக."

"ஒன்பது வருஷம் இவளுக்காக அழுதிருக்கேன்" என்றார். கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு, யாரும் கை கொடுக்க விடாமல் எழுந்து வண்டிக்குப் போய்விட்டார்.

நாங்கள் கிளம்பும்போது மில்ட்ரெட் மண்வெட்டியோடு அந்தக் குவியலைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 24, வியாழன்

குழு போய்விட்டது. வெர்னா அம்மா காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லையாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தலைமை அலுவலகத்தின் முடிவு வந்தது. அபியோவின் கோப்பு மூடப்பட்டது. எனக்கும் வேலை இல்லை. தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டுகள் கவிழவில்லை.

கடிதத்தைப் பாஸ்டரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மண்ணைக் குவிக்கச் சொன்னது நான்தான்னு அவங்களுக்கு எழுதிட்டேன். விசாரணைக்கு வருவாங்க" என்றார். வாசல் வரை போய் நின்று, "அன்னைக்கு நீ சொன்னது சரி" என்றார்.

செப்டம்பர் 27, சனி

சந்தையில் அண்ணன் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். பாஸ்டர் ஓர் உறை கொண்டுவந்தார். என் பெயருக்கு, வெர்னா அம்மாவிடமிருந்து. உள்ளே ஒரே தாள். அச்செனுக்கு.

மாலை மில்ட்ரெட் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். 'உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் அம்மாமேல் இருக்கிறது, இதை வாசிப்பவர்மேலும் இருக்கிறது. செத்துப்போன அச்செனிடம் தினமும் பேசியிருக்கிறேன். உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீயே தொடங்கு.'

என்னைப் பற்றிய இடத்தையும் விடாமல் வாசித்தேன். மில்ட்ரெட் எள்ளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் புதுப் பருவம் தொடங்கியதும் வாத்தியார் அச்சென் பெயரையும் வருகைப் பதிவில் சேர்த்துவிட்டார். ஒரே பெஞ்சில் இருவரும், ஒருத்தி சீருடையிலும் ஒருத்தி பழுப்புப் பாவாடையிலும். கட்டணம் இல்லாமல் எத்தனை நாள் விடுவார்கள், தெரியாது.

அச்சென் அங்கேயே குந்தி பதில் எழுதினாள். ஒரு பக்கம் நிறைந்ததும் கீழே பெயர் போடப் போனவள் கையை உதறிக்கொண்டாள். பழக்கத்தில் 'அபி' வரை எழுதிவிட்டாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

"வேற தாள் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அவங்க பாக்கட்டும்" என்றாள்.