இரண்டு வேளைக்குப் பவுடர்

பிப்ரவரி 4

எலும்பு டாக்டர் என் முழங்காலைப் பார்க்கவே இல்லை. எடை மெஷினைத்தான் பார்த்தார். எண்பத்தொன்று. "ஏழு கிலோ குறைச்சிட்டு வாங்கம்மா, அப்புறம் ஆபரேஷனுக்குத் தேதி தரேன்." ஏதோ மூட்டையை இறக்கி வைக்கச் சொல்வதுபோல.

நர்ஸ் தந்த படிவத்தை நானே நிரப்பினேன். "வேறு நோய்கள்?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

என் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்திரண்டு படிகள். கால் சரியாகாவிட்டால் மகள் வீட்டுப் பின்னறைதான். அங்கே துணி தேய்க்கும் மேசை நிற்கிறது. அதன் பக்கத்தில் நான். கணவர் போய் ஆறு வருடமாக இந்த வீட்டைத் தனியாக நடத்துகிறவள் நான்.

பிப்ரவரி 7

மகள் ஒரு டப்பாவோடு வந்தாள். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர் பவுடர் கரைத்துக் குடிக்க வேண்டுமாம். மதியம் மட்டும் சாப்பாடு. டப்பாவின் மேல் ஒரு பெண் சிரிக்கிறாள். பசித்தவள் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

"எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் குறைச்சிருக்காங்கம்மா."

"மூணாவது ஆள்?"

"எந்த மூணாவது ஆள்?"

"குறைச்சுட்டுத் திரும்ப ஏத்திக்கிட்ட ஆள்."

டம்ளர் எடுக்கச் சமையலறைக்குப் போய்விட்டாள். அப்படியானால் இருக்கிறாள்.

பிப்ரவரி 8

டப்பாவின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இருபத்தாறு பொருள்கள். எனக்குப் புரிந்தவை ஏழு. முன்னால் பெரிதாக "வெனிலா". பின்னால் "வெனிலா போன்ற மணம்". போன்ற!

கடைசியில் எறும்பு எழுத்தில்: மருந்து உட்கொள்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்கவும். சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். மகள் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். யாரையும் கேட்காமல் இதைத் தொட்டுவிடப் போகிறாள்.

பிப்ரவரி 10

தொடங்கியாயிற்று. அவர் கடிதம் நிறுக்க வைத்திருந்த சின்னத் தராசை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஒரு கரண்டி முப்பத்தைந்து கிராம் என்கிறது டப்பா. என் தராசில் முப்பத்தொன்று. மூன்று தடவை நிறுத்தேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம்.

ருசி — சுவருக்கு அடிக்கும் வெள்ளையில் சர்க்கரை போட்டாற்போல. வழக்கமான காலை மாத்திரைகளையும் அதை வைத்தே விழுங்கினேன்.

பிப்ரவரி 12

பசி.

பிப்ரவரி 16

எழுபத்தொன்பதரை. நம்பவில்லை. மெஷினை நகர்த்தி வைத்தும் ஏறிப் பார்த்தேன். அதேதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டம்ளரிடம் என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. முன்பெல்லாம் மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆனால் பத்தரை மணியானால் கை நடுங்குகிறது. வியர்க்கிறது. பவுடரில் எதையோ கலக்கிறார்கள்.

பிப்ரவரி 19

மகளிடம் போனில் சொன்னேன். "கை நடுங்குதுன்னா நிறுத்திடும்மா" என்றாள், உடனே. கொண்டுவந்து கொடுத்தவளே ஏன் இவ்வளவு அவசரமாக நிறுத்தச் சொல்கிறாள்? பின்னறையில் இருந்த மேசையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாளாம். தானாகவே சொன்னாள். யார் கேட்டது?

பிப்ரவரி 21

எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

பதினொரு மணிக்குப் படியிறங்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்தேன் — பிடித்ததாகத்தான் நினைத்தேன். பார்த்தால் படியில் உட்கார்ந்திருக்கிறேன், ரவிக்கையெல்லாம் ஈரம். கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர் ஓடி வந்து, விரலில் குத்திப் பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்தார்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒரு டம்ளர் பவுடர்."

"மாத்திரை ஏதாவது?"

பெயரைச் சொன்னேன்.

"அது சர்க்கரையை இறக்குற மாத்திரைம்மா. முழுச் சாப்பாட்டுக்குன்னு கொடுத்தது. சாப்பாட்டைப் பாதியாக்கிட்டு மாத்திரையை முழுசாப் போட்டா? சுகர் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"எனக்கு நோயெல்லாம் கிடையாது. லேசாகச் சர்க்கரை, அவ்வளவுதான்."

"எத்தனை வருஷமா லேசா?"

"பதினாலு."

அவர் சிரிக்கவில்லை. இந்த மாத்திரையை நான் அவர் கடையில் வாங்கியதே இல்லை. கட்டடத்துக்கே தெரிந்துவிடும் என்று இரண்டு தெரு தள்ளி வாங்குகிறேன்.

பிப்ரவரி 22

படிச்சேனே! கோடு கூடப் போட்டேனே! யாருக்குன்னு நினைச்சுப் போட்டேன்?

கான்வென்ட்டில் கணக்கு ஸிஸ்டர் கேட்பார்: நீ கேள்வியைப் படித்தாயா, உனக்குத் தெரிந்த பதிலைப் படித்தாயா? அன்று அது பின்பெஞ்சுக்காரிகளுக்கு என்று இருந்துவிட்டேன்.

மகள் வந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மேசையை ஏன் மாத்தின?"

"ஆபரேஷன் ஆன கையோட மூணு மாடி ஏறுவியா? பத்து நாள் எங்க வீட்ல இரு. அப்புறம் உன் கோட்டைக்கு நீ போ, யார் தடுத்தா?"

பத்து நாள். நான்தான் மிச்ச ஆயுள் முழுக்க என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பிப்ரவரி 26

சர்க்கரை டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். பவுடர் இரவுக்கு மட்டும். காலையும் மதியமும் சாப்பாடு. தினமும் விரலைக் குத்தி நோட்டில் எழுத வேண்டும்.

"இதை விட்டப்புறம் எடை திரும்ப ஏறாதா?" என்று கேட்டேன்.

"ஏறலாம். அப்ப அளவு பார்க்க வேண்டியது நீங்கதான்."

டப்பாவில் அது எந்த எழுத்திலும் இல்லை.

மார்ச் 15

கம்பெனியின் பதில். கரண்டியைத் தட்டி, அமுங்க நிரப்ப வேண்டுமாம். தட்டினேன். முப்பத்தைந்து. மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக இல்லை. போன்ற மணத்துக்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

எழுபத்தாறு. இரண்டு வாரமாக அசையவில்லை. நானும் அசைவதாக இல்லை.

மே 18

எழுபத்துமூன்றே முக்கால். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கீழ்க்கடையிலேயே மாத்திரை வாங்கினேன். இரண்டு பேர் நின்றிருந்தார்கள், கேட்கும்படியே பெயரைச் சொன்னேன்.

எலும்பு டாக்டர் இன்று முழங்காலைப் பார்த்தார். ஜூன் 9 என்றார். நர்ஸ் புதிய படிவம் தந்தாள். "வேறு நோய்கள்?" என்ற இடத்தில் எழுதினேன்: சர்க்கரை நோய், பதினான்கு ஆண்டுகள்.

அவள் படித்துவிட்டு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "லேசாத்தானேம்மா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.