'இருக்கிறேன்' பொத்தான்

மார்ச் 3
கல்லூரியிலிருந்து மின்னஞ்சல்: 'வீட்டிலிருந்தே படித்து வெற்றி பெறப் பத்து வழிகள்.' முதல் வழி, படிக்கத் தனி அறை ஒதுக்குங்கள். ஒதுக்கினேனே — கட்டில், பீரோ, காலில் மாவுக்கட்டோடு புருஷன், இதெல்லாம் போக மிச்சம் இஸ்திரி மேஜை. எழுதின மகராசனுக்கு வீட்டில் எத்தனை அறையோ.

மார்ச் 5
ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பதினொரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பொறுப்பாளராக வேண்டுமென்றால் இந்த டிப்ளமா வேண்டுமாம். இல்லாவிட்டால் நேற்று வந்த மேனேஜரின் மச்சினன் அந்த நாற்காலியில் உட்காருவான். ஒவ்வொரு தாளையும் மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தாளில் ஒரு தடவை கோட்டை விட்டாச்சு.

மார்ச் 9
வருகைப்பதிவு வேறு. பாடம் ஓடும்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையில் 'இருக்கிறீர்களா?' என்று வரும். 'இருக்கிறேன்' என்று அமுக்க வேண்டும். படித்த மேதாவிகள் போட்ட காவல். இவர் பஸ் ஓட்டுகிறவர், கால் ஒடிந்து சும்மாதானே கிடக்கிறார்? லேப்டாப்பை மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
"அமுக்கறதுதானே, அமுக்கிட்டாப் போச்சு" என்றார்.

மார்ச் 22
வருகை நூறு சதவீதம். வாத்தியார் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஏப்ரல் 2
இரண்டாவது தடவை எழுதினதற்கு இருபத்தொன்பது. நூற்றுக்கு.

ஏப்ரல் 3
கிடங்கிலேயே கிடக்கிறவளுக்கு இவர்கள் என்ன சொல்லித் தருவது என்ற கொழுப்பு. வேறென்ன?
கேள்வித்தாளை இவர் எடுத்துப் பார்த்தார். கரண்ட் போய் மருந்துக் குளிர்பெட்டி நின்றுவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? மருந்தையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும் என்று எழுதினதைச் சொன்னேன்.
"கதவையே திறக்கக் கூடாது. ஆறாவது பாடத்துல ரெண்டு தடவ சொன்னாரே."
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"நான்தானே இருந்தேன்."
பற்றிக்கொண்டு வந்தது. எனக்குப் பாடம் எடுக்க ஒரு டிரைவரா? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் மேல் என்ன தப்பு? பொறாமைதான், வேறொன்றுமில்லை. இனி ஒரே ஒரு தடவை, இருபத்தேழாம் தேதி. அதுவும் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஏப்ரல் 11
நான் இஸ்திரி போடப் போட இவர் கேள்வி கேட்கிறார். தப்பாகச் சொன்னால் "வண்டிய ரிவர்ஸ் எடு" என்கிறார். பெரிய புரொபசர் என்று நினைப்பு. அந்தப் பத்து வழிகளில் இப்படி ஒன்று இல்லவே இல்லை.

மே 9
அறுபத்து மூன்று, பாஸ். மேனேஜரின் மச்சினன் வாயைக் கோணிக்கொண்டு வாழ்த்தினான். இவருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது, திங்கட்கிழமை முதல் டிப்போ.

மே 14
வார விடுப்பு. அடுத்த தாளின் முதல் பாடம். 'இருக்கிறீர்களா?' நானே அமுக்கினேன்.
மத்தியானம் டிப்போவிலிருந்து போன். "இன்னைக்கு என்ன சொன்னாரு?"
சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் உளறினேன்.
"அமுக்கிட்டு எங்கயோ எழுந்து போயிட்ட."
போனேன்தான், பால் பொங்கிவிட்டது. திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு மணிக்கு வந்து கேட்பார்.