கொக்கி மாட்டாத பெல்ட்

அன்புள்ள அப்பாவுக்கு, சுபாஷிணியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கிட்வாய் நகரில் கட்டும் அரசாங்கக் குடியிருப்பில், கான்ட்ராக்டரின் ஆட்கள் பாதுகாப்பாக வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுதானே என் வேலை? நேற்று உயரச் சாரத்தில் நின்ற நம்ம ஊர்ப்பக்கத்துப் பச்சைமுத்து அண்ணன் பாதுகாப்பு பெல்ட் கட்டியிருந்தார், ஆனால் அதன் கொக்கியை எதிலும் மாட்டவில்லை. வேலையை நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். கான்ட்ராக்டர்தான் எல்லோரையும் கூலியில்லாமல் அனுப்பிவிட்டார்.

மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, "என்ன தங்கச்சி, ஊர்ல மழையாமே?" என்று கேட்பவர், இன்று கொக்கியை மாட்டிக் காட்டி, சரிதானா என்று இந்தியில், "டீக் ஹை, மேடம்ஜி?" என்றார்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. பருப்புப்பொடி இன்னும் தீரவில்லை, ஆனாலும் இன்னொரு டப்பா அனுப்புங்கள். பச்சைமுத்து அண்ணனுக்கு அது பிடிக்கும்.

உங்கள் சுபா