நனைக்காத செங்கல்

21 செப்ரெம்பர் 1992, திங்கள்

இன்றைக்குக் கட்டிய சுவரையும் பின்னேரமே உடைத்தாயிற்று. மேசன் வேலை படிக்கிற இந்த லண்டன் கொலிஜில் அதுதான் வழக்கம். பழகுகிற சாந்தில் சீமெந்து கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். அது இறுகாது. வாத்தியார் றோய் வந்து மட்டம் பார்த்து முடிந்ததும் சுவரைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கி, சாந்தை நாளைக்கென்று குவித்து வைக்க வேண்டும். வகுப்பு நிறையப் பொடியங்கள். பெண் நான் ஒருத்தி.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசி என் சுண்ணாம்பு உடுப்பைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். எங்கள் வீடு இருக்கிற குட்மேய்ஸ் வரை கால் நீட்டி இருந்து வந்தேன்.

"இந்தக் கோலத்திலை எங்கடை ஆக்கள் ஆரும் கண்டவையோ?" என்று அண்ணி வாசலிலேயே கேட்டார்.

"பஸ் முழுக்கக் கண்டது, அண்ணி."

2 அக்டோபர், வெள்ளி

ஆனந்தராஜா அண்ணையோடு இன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தோம். முடிவு அவருடையது, கேட்டது நான்.

"ஒரு வருசம் விடுறன். ஜூன் சோதினையிலை பெயிலெண்டால் இந்தக் கூத்தை விட்டிட்டு, நான் பாக்கிற மாப்பிள்ளையைக் கட்டவேணும்."

"பாஸெண்டால்?"

தான் ஓடுகிற மினிகாப் வாடகைக் காரின் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் அவரிடம் இல்லாவிட்டால் நானே எழுதி வைக்கிறேன்: பாஸானால் நகரசபைக் கவுன்சிலில் மேசன் வேலை பழகப் போவேன். றோய் சொன்னார், பாஸானவர்களைத்தான் அவர்கள் எடுப்பார்களாம்.

எங்கடை ஆக்கள் மேசன் வேலைக்குப் போறவையோ என்று அண்ணை கேட்கிறார். ஊரில் எங்கள் வீட்டில் செல் குண்டு விழுந்தபோது நான் உள்ளே இருந்தேன். ஒரு சுவர் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். எப்படி நிற்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையோ?

19 அக்டோபர், திங்கள்

வெட்கம். எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் போகிறேன்.

இன்றைக்குத்தான் சோதனைக் கணக்கில் புள்ளி சேர்கிற முதல் சுவர். எல்லாருக்கும் முந்திப் போய் என்னுடைய செங்கல் எல்லாவற்றையும் பீப்பாத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஊரில் முற்றத்தில் அச்சு வைத்துச் சீமெந்துக் கல் அரிந்தால் காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுவது அண்ணைக்கும் எனக்கும் வேலை. கட்ட முன்னமும் நனைப்போம். கல்லென்றால் தண்ணீர் குடிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் யோசனையே வரவில்லை.

நாலாவது வரி வைத்தபோது கீழ் வரி வழுக்கத் தொடங்கியது. பிடித்துப் பார்த்தேன். சுவரின் முனை வெளியே தள்ளி, சாந்து பிதுங்கி, முழுதும் என் சப்பாத்தின் மேல் இருந்தது. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கெவின் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

றோய் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தார். "இந்த நாட்டில் கல் ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கும், கலா. அதற்கு மேலும் நனைத்தால் சாந்து பிடிக்காது, மிதக்கும். யார் உனக்குச் சொன்னது?" யாரைச் சொல்வது, எங்கள் முற்றத்தையா? குனிந்து கல்லைச் சுரண்டத் தொடங்கினேன். தட்டச்சு வகுப்பு மேல்மாடியில் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

மேல்மாடிக்கு நான் போகமாட்டேன்.

20 அக்டோபர்

கெவின் என்னை மழைக்காரி என்று கூப்பிடுகிறான். அவன் கட்டிய மூலை சரிந்திருக்கிறது. தூக்குக்குண்டைப் பிடித்துக் காட்டினேன். மூலையைப் பிரிக்கத் தொடங்கினான்.

13 ஜனவரி 1993, புதன்

குளிரில் விரல் எல்லாம் வெடித்துப்போயிற்று. சுண்ணாம்பு பட்டால் உயிர் போகிறது. அண்ணி வாஸ்லின் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "கையைப் பாரும் கலா. இந்தக் கையை ஆர் பிடிக்கப் போகினம்?" என்றார். பூசியும் விட்டார். அண்ணியின் கோபம் இவ்வளவுதான்.

இன்றைய மூலை நேர். றோய் மட்டத்தை வைத்தார், எடுத்தார், அடுத்த சுவருக்குப் போனார். அவர் குறை சொல்லாதது இதுதான் முதல் தடவை.

30 மே, ஞாயிறு

லூயிஷாம் சிவன் கோயிலுக்கு என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று போன பிறகுதான் விளங்கியது. கனகாம்பிகை என்று ஒரு அன்ரி. மகன் வாசுதேவன் கணக்காளர். அன்ரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "சிவில் எஞ்சினியரிங் படிக்கிறீர் எண்டு ஆனந்தராஜா தம்பி சொன்னவர். கெட்டிக்காரப் பிள்ளை," என்றார்.

அண்ணை கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காருக்குள் வெடித்தேன். ஏன் பொய் சொன்னனீங்கள்? நான் என்ன களவெடுக்கிறனோ? அண்ணை றோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜூன் 25 வெள்ளி பொம்பிளை பார்க்க வருகிறார்களாம். அன்றைக்குத்தான் எனக்குச் சோதனை என்றேன்.

"ஆடிக்கு முன்னம் அவைக்கு வேறை நாள் தோதில்லை. சோதினையை விடு."

"விடமாட்டன். பஞ்சாங்கம் பாத்தனீங்கள், என்னைக் கேட்டனீங்களோ?"

அண்ணை றேடியோவைப் போட்டார்.

24 ஜூன்

நாளைக்குப் போவேன். எழுதி வைத்தால் மாற ஏலாது.

25 ஜூன், வெள்ளி

விடிய எழும்பி அண்ணைக்குத் தெரியாமல் போகவில்லை. அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே முன்னால் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போனேன். அண்ணி மட்டும் பின்னால் ஓடிவந்து, "வரேக்கை பின்பக்கத்தாலை வாரும். சேலை அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறன்," என்றார்.

சோதனைக்கு ஒரு மூலையும், அதோடு சேர்ந்த மதிலும், நடுவில் ஒரு வளைவும். வளைவின் கடைசிக் கல் இறங்கவில்லை. என்ன செய்தேனோ தெரியாது, மெல்லத் தட்டத் தட்ட இறங்கியது. றோய் அளந்து எழுதினார். ஒரு இடத்தில் சாந்து தடிப்பு என்றார். பிறகு வழமைபோல என் கையாலேயே பிரித்தேன். வளைவைப் பிரிக்கும்போது அழுகை வந்தது. ஒன்றுகூட மிஞ்சாத வேலை.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வேறொரு கார். பின்பக்க வழி நினைவு வந்தது. நான் யாருக்கு ஒளிய வேண்டும்? முன்கதவால் போனேன். மண் அப்பிய சப்பாத்து, தலையில் சுண்ணாம்பு.

கனகாம்பிகை அன்ரி வடையைக் கையில் வைத்தபடி பார்த்தார். "எஞ்சினியருக்கும் இவ்வளவு மண்ணோ, பிள்ளை?"

"நான் எஞ்சினியர் இல்லை அன்ரி. மேசன் வேலை படிக்கிறன். இண்டைக்குச் சோதினை."

மாப்பிள்ளை தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். அன்ரி வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். நல்ல மனிதர்கள்தான், சண்டை பிடிக்கவில்லை. வந்த அலுவல் தவிர மற்ற எல்லாம் கதைத்துவிட்டுப் போனார்கள்.

அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சொல் சொன்னார்: "சந்தோசமோ?"

ஓம் என்றேன். முழு உண்மை இல்லை. அவர் முகம் போன விதம் எனக்கும் நொந்தது. ஆனால் பொய் என்னுடையதில்லை.

9 ஜூலை, வெள்ளி

பாஸ். றோய் கைகொடுத்து, "மழைக்காரி, செப்ரெம்பரில் கவுன்சிலுக்குப் போ," என்றார். கெவினும் பாஸ். அவனுக்கும் கைகொடுத்தேன்.

அண்ணைக்குச் சொன்னேன். தலையை ஆட்டினார். கனகாம்பிகை அன்ரி வீட்டிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

1 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு அண்ணை மினிகாப்பைப் பின்னுக்கு எடுத்து எங்கள் முன்மதிலை இடித்து விழுத்திவிட்டார். பாதி றோட்டில். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

"நான் கட்டிறன்," என்றேன்.

"ஆள் பிடிச்சிருக்கு."

பிடித்த ஆள் நாளைக்கு வருவாராம்.

14 ஆகஸ்ட், சனி

ஆள் வரவேயில்லை. இன்றைக்குக் காலை முன்னுக்கு மணல், சீமெந்து, செங்கல் எல்லாம் கிடந்தன. யார் இறக்கியது என்று நான் கேட்கவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு சாந்துக் கரண்டியோடு இறங்கினேன்.

சனிக்கிழமை, கோயிலுக்கும் கடைக்கும் போகிற எங்கடை ஆக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். நல்லாய்ப் பார்க்கட்டும். நூல் கட்டி முதல் வரி வைத்து நிமிர்ந்தால், அண்ணை வாளி நிறையத் தண்ணீரோடு செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஊரில் எங்கள் முற்றத்தில் நின்ற அதே நிலை.

"ஊத்தாதேங்கோ அண்ணை. இஞ்சை நனைச்சால் கல் நிக்காது."

வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் என்ன செய்ய?"

"கல்லை எடுத்துத் தாங்கோ."

தந்தார். பின்னேரம் வரை ஒவ்வொன்றாய்த் தந்தார். எதிர்வீட்டு மனுசி நின்று பார்த்தபோதும் நிற்பாட்டவில்லை.

கடைசிக் கல்லையும் வைத்துச் சாந்தை வழித்த பிறகு, "கொலிஜிலையெண்டால் இப்ப இதை உடைக்க வேணும்," என்று சும்மா சொன்னேன்.

அண்ணை மதிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். "இதிலை ஆராவது கை வைச்சுப் பாக்கட்டும்."

வாளித் தண்ணீரை அண்ணி ரோசாச் செடிக்கு ஊற்றினார்.