சூடு அல்ல, இரத்தம்

சின்னம்மா,

இன்று காலை பஸ்ஸில் வெந்தயத் தண்ணீர் வாசம் அடித்தது. ஊறி, லேசாகப் புளித்த வாசம். நம் தோட்டத்துக் கடைசி லயத்து மல்லிகா அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எங்களை விட்டுப் போன வருஷம் முழுக்க உங்கள் காம்பரா அறையில் இருந்த வாசம் அது.

"என்னக்கா, மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலையா?"

"எங்கடி போறது? ஒரே சூடு. ஒக்காந்து எந்திரிக்க முடியல. டவுன்ல நாட்டு மருந்துக் கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வரலாம்னு போறேன்."

"சூடுன்னா எப்படி? என்ன கலர்ல போவுது?"

"சீ! பஸ்ஸுல கேக்குற கேள்வியா இது?" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் செவப்பா. அதத்தான சூடுங்கிறேன்."

நமுனுகுல மலை பாதிக்கு மேல் பனியில் மறைந்திருந்தது. பஸ் வளைந்து வளைந்து பதுளைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இவளை நாட்டு மருந்துக் கடைக்குப் போக விடக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன். துணிக்கடை முதலாளிக்கு போன் போட்டு வேலைக்கு வர மாட்டேன் என்றேன். அவர் கத்தினார். கத்தட்டும்.

உங்களுக்கு அந்தச் சிவப்பு முதலில் தெரிந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணக்கப்பிள்ளை மகள் கல்யாணம். பதுளையில் மண்டபம் எடுத்திருந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"ஏ புள்ள, இங்க வா. இதப் பாரு."

டைல்ஸ் போட்ட கழிப்பறை. வெள்ளைப் பீங்கானில் சிவப்பு. நாம் இரண்டு பேரும் பட்டுச் சேலையோடு அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

எவ்வளவு காலமாக அப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியாது. மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒதுங்கினால் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். லயத்துக்குப் பின்னால் இருக்கிற பொதுக் கக்கூஸில் விளக்கு இல்லை. பொழுது விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் நீங்கள் அங்கே போவீர்கள். ஒரு மனுஷி தன் மூத்திரத்தின் நிறத்தைப் பார்க்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல் நறநறக்கிறது.

மண்டபத்தில் இருந்து திரும்பி வரும்போதே நீங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். "ஒண்ணுமில்ல, சூடு."

நம் லயத்தில் எல்லாமே சூடுதான். எரிந்தால் சூடு, கடுத்தால் சூடு, அடிவயிறு வலித்தால் சூடு, இரத்தம் போனாலும் சூடு. தீட்டு நின்று பல வருஷமான பெண் இரத்தம் என்று வாய் திறந்தால் என்னென்ன கதை கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் அந்தச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டீர்கள். தலையில் நல்லெண்ணெய், காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் பார்லிக் கஞ்சி. கொழுந்து எடுக்கப் போவதையும் விடவில்லை.

பிறகு கிளினிக்குக்குப் போகத் தொடங்கினீர்கள். நான் கூட வருகிறேன் என்றால் சிரிப்பீர்கள். "நான் என்ன சின்னப்புள்ளயா? எனக்குச் சிங்களம் தெரியாதா?" சந்தையில் மரக்கறி பேரம் பேசுகிற சிங்களம் உங்களுடையது. அதில் உங்களுக்கு ஒரு பெருமை. அம்மா வீட்டு வேலைக்கு குவைத்துக்குப் போன பிறகு என்னை வளர்த்தது நீங்கள். நான் பேசுகிற சிங்களத்தின் முதல் நாலு வார்த்தையும் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான். அதனால் நானும் நம்பினேன்.

கிளினிக்கில் பெண்ணுறுப்புக்குள் வைக்கிற மாத்திரை கொடுத்தார்கள். சூட்டைத் தணிக்கிற குளிர்ச்சி மாத்திரை என்று நினைத்து நீங்களும் வைத்துக்கொண்டீர்கள். முடிந்தால் மறுபடி போவீர்கள். மறுபடி அதே மாத்திரை.

மழை நாள் ஒன்றில் உங்களுக்கு நடக்க முடியாமல் போனதால்தான் நான் கூட வந்தேன். வெள்ளை உடுப்பு நர்ஸ் மிஸ்ஸி உங்களைப் பார்த்ததும் பழகிய முகத்தோடு கேட்டாள்: "தாம சுது யனவத, அம்மே?"

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "ஓவ் மிஸ்ஸி. சூடு யனவா. ஹொந்தட்டம சூடு யனவா."

சிங்களத்தில் சுது என்றால் வெள்ளை. இன்னும் வெள்ளை போகிறதா என்று அவள் கேட்கிறாள். ஆமாம், சூடு போகிறது, நன்றாகவே போகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இவ்வளவு மாதமும் வெள்ளைபடுதலுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒரு சொல் கூடப் புரியாமல் பேசியிருக்கிறீர்கள்.

"சுது இல்ல மிஸ்ஸி," என்று நான் கத்திவிட்டேன். "லே! முத்ரா எக்க லே யனவா!" மூத்திரத்தோடு இரத்தம் போகிறது என்பதைச் சொல்ல அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அந்த மிஸ்ஸியின் முகம் வெளுத்துப் போனது. அவள் கெட்டவள் இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள். நாள் முழுக்கத் தமிழ்ப் பெண்களே வந்து வரிசையில் உட்காருகிற இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அவர்களுக்கு முகம் இல்லை. முகம் இல்லாதவர்களை எங்கே போய்த் திட்டுவது?

பெரிய ஆஸ்பத்திரியில் மூத்திரப்பைக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொன்னவர் வடக்கிலிருந்து வந்திருந்த இளம் டொக்டர்.

"அம்மா, இது மூத்திரப்பையில வாற புற்றுநோய். அதிலயும் வழமையான வகை இல்லை. பிளாஸ்மசைட்டொயிட் எண்டு சொல்லுவினம். மெத்த அரிது. கெதியாப் பரவும்."

அந்தப் பெயரை நான் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னேன். நீங்கள் பெயரைக் கேட்கவில்லை. "அது என்னா செய்யும் சார்?" என்று கேட்டீர்கள்.

"மற்ற வகையள் பெரும்பாலும் கட்டியா வளரும். இதின்ர கலங்கள், செல்லுகள், ஒண்டோட ஒண்டு ஒட்டாது. தனித்தனியாப் பிரிஞ்சு பையின்ர சுவருக்குள்ளால ஊர்ந்து போகும். வெளிய அவ்வளவாத் தெரியாது."

நீங்கள் சொன்னீர்கள்: "அப்ப இது மாணாப் பத்தை இல்ல. அருகம்புல்லு. பத்தைன்னா வேரோட புடுங்கிறலாம். அருகு எங்க ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?"

மாணா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கைவிட்ட தேயிலை மலையில் ஆள் உயரத்துக்கு வளர்கிற புல் என்று நான் சொன்னேன். "நீங்க சொல்லுறதுதான் சரி அம்மா," என்றார்.

பையை எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே வேறு பை ஒட்டுகிற ஒப்பரேஷன் பற்றிப் பேச்சு வந்தது. நான் பயந்தேன். நீங்கள் பயப்படவில்லை. "எடுத்துருங்க சார். காலமெல்லாம் கூடை சொமந்தவ. வயித்துல ஒரு பை எனக்குப் பாரமா?" ஆனால் ஸ்கேனில் அது அடிவயிற்றுச் சவ்வு வரைக்கும் போயிருந்தது. வெட்டிப் பிரயோசனம் இல்லை, மருந்து ஏற்றிக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்றார்கள்.

வெளியே வந்து அவரிடம் கேட்டேன். முன்னமே வந்திருந்தால்?

"பொய் சொல்ல மாட்டன் தங்கச்சி. பொல்லாத வகை இது. முன்னம் வந்திருந்தாலும் உறுதி சொல்ல ஏலாது. சில பேருக்கு இது ரத்தமே காட்டாது. இவவுக்குக் காட்டியிருக்கு. வெட்டக்கூடிய நேரத்தில வந்திருக்கலாம்."

காட்டியிருக்கிறது. நாங்கள் அதைச் சூடு என்று கூப்பிட்டோம். அவர்கள் வெள்ளை என்று எழுதிக்கொண்டார்கள்.

மருந்து ஏற்றுகிற நாட்களில் முடி கொட்டியது, வாய் புண்ணானது. உங்கள் வாய் மட்டும் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் பெரகலப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவளைப் பிடித்து வைத்துப் பாடம் நடத்தினீர்கள்.

"சொல்லு பாப்பம். முத்ரா எக்க லே யனவா."

"எனக்கு மூத்திரத்துல ஒண்ணுமில்லக்கா. கர்ப்பப்பைதான்."

"இருக்கட்டுமே. ஊருல நாலு பேருக்குச் சொல்லு. வெள்ளைன்னா சுது. ரத்தம்னா லே. எவளாச்சும் டொக்டர்கிட்ட சூடுன்னு சொன்னா பல்ல ஒடச்சுப்புடு."

"பல்ல ஒடச்சா லேதான் வரும்," என்றாள் அவள். வார்ட்டே சிரித்தது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வலியில் முகம் கோணி, மறுபடியும் சிரித்தீர்கள்.

அன்று பின்னேரம் என்னிடம் சொன்னீர்கள்: "நான் போன பெறகு எவனாவது சூட்டு வியாதியில செத்துட்டான்னு சொன்னா நீ சும்மா இருக்காத, புள்ள. வெக்கப்பட்டு வெக்கப்பட்டுத்தான் இம்புட்டு தூரம் வந்துருக்கு."

சும்மா இருக்கவில்லை சின்னம்மா. அடக்கத்துக்கு முன்னால் சின்னப்பாவிடம் பாதர் என்ன நோய் என்று கேட்டார். சின்னப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "சூட்டு வியாதின்னு சொல்லுங்க பாதர்," என்றார். நான் எழுந்தேன். "மூத்திரப்பையில புற்றுநோய். மூத்திரத்துல ரத்தம் போச்சு. அப்படியே சொல்லுங்க." தொழிற்சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். "செத்த வீட்டுல பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?"

"ஒங்க ஆபீசுல கக்கூஸ் இருக்கா தலைவரே? அப்பறம் மலையில ஏன் இல்ல?" என்று கேட்டேன். மலையில் இப்போதும் இல்லை. பாதர் மட்டும் நான் சொன்னதை அப்படியே ஜெபத்தில் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் மல்லிகா அக்காவும் நின்றாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். கேட்டும் இன்றைக்கு பஸ்ஸில் சூடு என்கிறாள். நான் ஒரு முறை கத்தியதால் ஒரு சொல் செத்துவிடாது என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி. வயசுக்கு வந்த மக வீட்டுல இருக்கா. லயத்துல என்ன பேசுவாங்க?"

"ஒங்க மகளுக்கு அம்மா வேணுமா, லயத்துல நல்ல பேரு வேணுமா?"

"ஒஞ் சின்னம்மாவுக்கு வந்ததுதான்னு நெனக்கிறியா?" என்று நின்று கேட்டாள். கண் பயந்திருந்தது.

"தெரியாதுக்கா. கல்லா இருக்கலாம், கிருமியா இருக்கலாம். எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. நாட்டு மருந்துக் கடைக்காரருக்கும் தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

ஆஸ்பத்திரி வரிசை நகரவே இல்லை. அவள் இரண்டு தரம் எழுந்து போகப் பார்த்தாள். இரண்டு தரமும் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். உள்ளே இருந்தது ஒரு சிங்கள டொக்டர், என் வயசுப் பெண். என்ன வருத்தம் என்று கேட்டாள். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்காக நானே சொல்லிவிட்டால் நாளைக்கு நான் இல்லாத இடத்தில் இவள் மறுபடி சூடு என்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சூ..." என்று ஆரம்பித்தாள் மல்லிகா அக்கா. நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரை நேராகப் பார்த்தாள்.

"லே, டொக்டர். முத்ரா எக்க லே யனவா."

டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எப்போதிருந்து, எவ்வளவு, வலி இருக்கிறதா, வீட்டில் யாரும் சுருட்டு குடிக்கிறார்களா, புகையிலை போடுகிறாயா. கேள்வி மேல் கேள்வி. ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு கமரா வைத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றாள்.

வெளியே வந்து மர வாங்கில் உட்கார்ந்தோம். மல்லிகா அக்கா ஸ்கேன் துண்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "லயத்துல நீ ஒண்ணும் சொல்லிறாத," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன்.

"அட, கேளுடி. நானே சொல்லிக்கிறேன். நாளைக்குக் காலைல பெரட்டுல. எம் பக்கத்து நெரையில கொழுந்து எடுக்கிற ரெண்டு பேருக்கும் இதே சூடுதான்."

முடிவு என்னவாக வரும் என்று தெரியாது சின்னம்மா. நல்லதாக வரலாம், மோசமாகவும் வரலாம். அவளுடைய ஸ்கேனுக்கும் கமராவுக்கும் கூடப் போகப் போகிறேன். முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் வேறு கடை பார்ப்பேன். நீங்கள் எனக்கு விட்டுப் போனது அந்த அடங்காத வாய் ஒன்றுதான். அழுகை வரும்போதெல்லாம் அது முந்திக்கொள்கிறது.

நாளைக்கு விடியும்போது, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு நானும் போகிறேன். அங்கே என் பெயர் பதிவில்லை. கங்காணி துரத்துவார். துரத்தட்டும். அவள் பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.