மேட்டுத் தோட்டத்து முடிச்சுகள்

பிளிமத், கலிபோர்னியா
6 ஜூன் 1989, செவ்வாய்

அன்புள்ள பியேரோவுக்கு,

உன் அண்ணி நெரீனா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இது நான் உனக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவும் இல்லை. உன் கூஸ் பே விலாசத்தில் யாரோ என் கடிதங்களைக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அது நீதான் என்று நம்பி மறுபடியும் எழுதுகிறேன். நீ இல்லையென்றால், வாங்குகிற புண்ணியவான் படித்து முடித்தாவது உன்னிடம் சேர்க்கட்டும்.

இங்கே நான் நலம். கூரையின் தென்பக்கம் புதிதாக வேய்ந்தாகிவிட்டது. உன் அப்பா காலத்திலிருந்து நம்மோடு இருக்கும் எலியாஸுக்கு முழங்கால் வலி அதிகம். ஓய்வெடுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்? கீழ்த் தோட்டம் பிழைத்துக்கொண்டது. இந்த வருடம் அதில் காய்ப்பு இருக்கும்.

முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுத் தோட்டத்துப் பார்பெரா திராட்சையை வேரோடு பிடுங்க ஆள் சொல்லியிருக்கிறேன். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை இயந்திரம் வருகிறது. பாதித் தோட்டம் உன் பெயரில் இருப்பதால் உன்னைக் கேட்காமல் செய்வது முறையில்லை. போன அக்டோபரில், அறுவடை முடிந்த ஒன்பதாம் நாள், மலைத்தீ அதன் மேல் ஏறிப் போனதையும் அதில் உன் அண்ணன் போனதையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். தீக்குப் பிறகு அங்கே இரும்புக் கம்புகள் மட்டும்தான் நின்றன. ஒவ்வொரு அடிமரமும் கரிக்கட்டை. பார்க்க வந்த நிபுணர் ஒன்று விடாமல் ஆரஞ்சு வர்ணம் அடித்துவிட்டு, எல்லாம் செத்துவிட்டது என்றார். நானும் சரி என்றேன். அந்த மேட்டை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டு என்னால் வாழ முடியவில்லை.

அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். மே மாதம் இரண்டாம் வாரம் ஒயின் அறையில் ஒரு சத்தம் கேட்டது. மேட்டுத் தோட்டத்துக் கடைசி அறுவடை மூன்று பீப்பாயில் இருக்கிறது. மற்ற பீப்பாய்கள் எல்லாம் குளிர்காலத்திலேயே நொதித்து அடங்கிவிட்டன. இந்த மூன்று மட்டும் மூடி ஓரமாக உஸ் உஸ் என்று மூச்சு விட்டன. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ புரண்டு படுப்பது போலிருந்தது. செடி பூக்கும் நாளில் அதன் ஒயினும் பீப்பாயில் விழித்துக்கொள்ளும் என்று உன் அப்பா சொல்வாரே, நினைவிருக்கிறதா? நாம் மூவரும் அவர் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு சிரித்திருக்கிறோம். பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேட்டேன். பார்பெராவில் புளிப்பு அதிகம், வெயில் ஏறினால் மறுபடி கிளம்பும், பயப்படாதே என்றார். நான் ஒன்றும் பயப்படவில்லை என்று அவரிடம் சொன்னேன். பொய்தான். செத்த செடிக்கு ஏது பூக்கும் நாள் என்ற கேள்வி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தீக்குப் பிறகு நான் மேட்டில் கால் வைத்ததே இல்லை. அன்று போனேன். பியேரோ, கரிக்கட்டைகளின் அடியிலிருந்து தளிர் வந்திருந்தது. அதுகூடப் பரவாயில்லை, வேர் பிழைத்தால் தளிர் வரும். ஆனால் அடியிலிருந்து வரும் தளிர் முதல் வருடம் பூக்காது. இவை பூத்திருந்தன. எலியாஸை அழைத்துக் காட்டினேன். இலையைத் திருப்பிப் பார்த்தார், அடியில் பார்பெரா இலைக்கே உரிய அதே வெள்ளைப் பஞ்சு. முப்பது வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்றார். அதன் பிறகு கீழே குனிந்தவர் நிமிரவே இல்லை. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய இரண்டு வரிசைகளிலும் ஒவ்வொரு தளிரும் கம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பச்சை வில்லோ மரத்தின் மெல்லிய மிலாறால்.

இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது யார் மிலாறால் கட்டுகிறார்கள்? எல்லோரிடமும் பிளாஸ்டிக் நாடா இருக்கிறது. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, வாலை இடப்பக்கமாக உள்ளே செருகுவது. உன் அப்பா அதைத் தன் இரண்டு பிள்ளைகளைத் தவிர யாருக்கும் காட்டிக்கொடுத்ததில்லை. நான் கேட்டபோதுகூட, மருமகளுக்கு எதற்கு என்று சிரித்து மழுப்பியவர் அவர். எலியாஸுக்கும் தெரியாது. அவர் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்:

"நெரீனா, நான் கட்டல. சத்தியமா நான் கட்டல. எனக்கு இது வரவே வராது, உனக்கே தெரியும்."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காலையில் நாங்கள் இருவரும் பூசைக்குப் போயிருந்தோம். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால் இன்னும் மூன்று வரிசை கட்டி முடிந்திருந்தது. வார நாளில் ஒரு முடிச்சுகூடக் கூடுவதில்லை. அதற்கடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று பாதிரியாரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு மேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், காற்றே இல்லை. ஒரு பறவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு முடிச்சும் விழவில்லை. நேற்று முன்தினம் மறுபடி பூசைக்குப் போனேன். திரும்பி வந்தால் நான்கு வரிசை.

தொட்டியடியில் தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும் வீட்டை நோக்கி இறங்கி வருகிறது, பியேரோ. இன்னும் மூன்று வரிசைதான் பாக்கி. கடைசி வரிசை நம் சமையலறைக் கதவுக்கு எதிரே இருக்கிறது.

எலியாஸ் கீழ் வாசல் முழுக்கச் சக்கரத் தடம் தேடினார். இல்லை. மேலே காட்டுப் பாதை வழியாக வந்தால் அது பாறை, தடம் தங்காது. கூஸ் பேயிலிருந்து இங்கே ஒன்பது மணி நேரம் என்று அவராகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை மர ஆலை விட்டதும் கிளம்பினால் ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னால் வந்துவிடலாமாம். மாலை கிளம்பினால் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாமாம். யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். சும்மா சொன்னேன் என்றார். உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று உன் அண்ணன் போட்ட கட்டளையை அவர் இன்னும் மீறவில்லை, பாவம்.

நீ போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்பெரா புளித்த தண்ணீர், பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ரகம் நடலாம் என்று உன் அண்ணன் சொன்னார். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். "இவன் இருக்கற வரைக்கும் இந்த மண்ணுல கால் வைக்க மாட்டேன்" என்றாய். சொன்னபடியே மூன்று வருடம் வைக்கவில்லை. அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அதற்காக உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். சவப்பெட்டியை நான் திறக்கவிடவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாண மோதிரமும் இன்னும் கொஞ்சமும். அவ்வளவுதான் நாங்கள் புதைத்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு அவர் ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. கேட்டால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். அடுத்த வருடமும் அதையே சொல்வார். தீ மலைமுகட்டைத் தாண்டிய அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். எலியாஸ் வண்டியைக் கிளப்பியும்விட்டார். அப்போதுதான் இவர் கதவைத் திறந்து இறங்கினார். தொட்டி வால்வைத் திறந்துவிட்டால் மேட்டுக்குத் தண்ணீர் பாயும் என்றார். வேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு நெரீனா. பாதி அவனோடது. அவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

இதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. எட்டு மாதமாக இதை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். உன்னைத் தண்டிக்கத்தான் வைத்திருந்தேன். மன்னித்துக்கொள். எழுதியிருந்தால் நீ வந்திருப்பாயோ என்று இப்போது தோன்றுகிறது.

அவரோடு பதினோரு வருடம் வாழ்ந்தேன். ஒவ்வொரு பருவத்திலும் ஆயிரக்கணக்கில் அவர் முடிச்சுகளைக் கடந்து நடந்திருக்கிறேன். ஆனால் வாலைக் கத்தியால் நறுக்குவாரா, பல்லால் கடிப்பாரா என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. மேட்டில் இருப்பவை கடித்தவை. ஞாயிறு மாலை ஒரு முடிச்சருகே மண்டியிட்டு எவ்வளவோ நேரம் பார்த்தேன், என் கணவரின் கைவேலையா அவருடைய தம்பியின் கைவேலையா என்று சொல்லத் தெரியவில்லை. மனைவி என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். மிலாறு ஈரமாக இருந்தது. நம் ஓடைக்கரை வில்லோ எல்லாம் எரிந்து சாம்பலானது உனக்குத் தெரியாது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இயந்திரக்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும். அவரிடம் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். அதற்கு உன் சம்மதமும் தேவையில்லை, காரணமும் தேவையில்லை. உன்னிடம் நான் கேட்பது வேறு.

அந்த முடிச்சுகள் உன்னுடையவை என்றால் ஒரே ஒரு வரி எழுது. ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன். எலியாஸும் கேட்க மாட்டார். வரும் ஞாயிறு பூசைக்குப் போகாமல் ரவியோலி செய்து வைக்கிறேன். மேட்டு வேலியோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போகாமல், பகல் வெளிச்சத்தில் முன்வாசல் வழியாக உள்ளே வா. பாதி உன்னுடையதுதானே.

உன்னுடையவை இல்லையென்றால், பியேரோ, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், பதில் எழுதாதே. இதுவரை எழுதாதது போலவே இருந்துவிடு. நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய்க்கொண்டிருப்பேன். சீக்கிரம் கிளம்பி, தாமதமாகத் திரும்புவேன். சமையலறைக் கதவைப் பூட்ட மாட்டேன்.

கடவுள் உன்னைக் காப்பாராக. குளிரில் தலையை மூடிக்கொள்.

உன் அண்ணி,
நெரீனா