கொப்பியில் எழுதாத வயர்

நவம்பர் 3, திங்கள்

விடிஞ்சதிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை.

லுஹர் தொழுகைக்குப் பிறகு வீட்டு ஹோலில் இருந்தவர்கள்: கம்பஸில் படிப்பிக்கிற சேர். மகள் றிஸ்னா. அவளோடு படிக்கிற சம்மாந்துறை நுஸ்ரத். நுஸ்ரத்தின் வாப்பா. எங்கட அவர். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான்.

பிள்ளைகள் இருவரின் கடைசி வருட வேலை பற்றிய கதை. (எழுதினால்தான் எனக்கு விளங்கும்.) மணிக்கூட்டுப் பெட்டி ஒன்று கல்முனையில் எங்கள் வீட்டில், ஒன்று நுஸ்ரத் வீட்டில். மாடியில் அன்டெனா, அதிலிருந்து பெட்டிக்கு வயர். இரண்டும் ஒரே செட்டலைட்டை ஒரே நேரம் பார்த்துக் குறிக்கும். இரண்டு வீட்டார் பள்ளிவாசலின் ஒரே பாங்கைக் கேட்டு மணி பார்ப்பது போல. பாங்கு பிந்தினாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிந்தல், கழித்தால் போய்விடும். மிச்சம், மணிக்கூடுகளுக்குள் இருக்கும் வித்தியாசம்.

போன மாதம் 17 அந்த வித்தியாசம் எண்பது நனோ செக்கன் துள்ளியிருக்கு. எந்த வீட்டில் என்று கணக்கு சொல்லாதாம். பெட்டிக்கு நாளாந்தம் என்ன நடந்தது என்று எழுதுகிற கொப்பிதான் சொல்ல வேணும். எங்கட கொப்பி என் பொறுப்பு.

சேர் நுஸ்ரத்திடம்: "கல்முனைக் கொப்பியப் பாருங்க, ஒரு நாள் விடல்ல. உங்கடதில 16, 17, 18 வெறும் தாள்."

நுஸ்ரத்: "அந்த மூணு நாளும் உம்மா ஆஸ்பத்திரியில சேர். பெட்டிய ஒருத்தரும் தொடல்ல."

"தொடல்ல எண்டு எழுதியிரிக்கா?"

அவட வாப்பா: "புள்ள பொய் சொல்லாது சேர்." தேத்தண்ணியில் கை வைக்கவில்லை அந்த மனிதர்.

முடிவு: வெள்ளிக்கிழமை நுஸ்ரத்தின் பெட்டியைக் கழற்றி வேறு பிள்ளைக்குக் கொடுப்பது. அவ வருகிற வருடம் புதிதாகத் தொடங்கலாம்.

போகும்போது சேர் என்னிடம், "உங்கள மாதிரி என்ட ஸ்டூடன்ஸ் ஒருத்தரும் எழுதல்ல உம்மா."

சிரித்தேன். யா அல்லாஹ், சிரித்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். மிளகாய் காயப்போட்டது.

17ஆந் திகதி நான் எழுதியது: "மழை. 3.10 முதல் 4.40 கரண்ட் இல்லை. வேறு மாற்றம் இல்லை."

நடந்தது: மழைக்கு ஓடிப் போய் உடுப்புக் கொடியை இழுத்தேன். அன்டெனா வயரும் சேர்ந்து அறுந்தது. டிஷ் பூட்டுகிற அன்ஸார் தம்பியைக் கூப்பிட்டு, புது வயர். மிஞ்சியதைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வளையமாகச் சுற்றினான். "வெட்டினா வீண் சாச்சி, கிடக்கட்டும்." கரண்ட் வந்ததும் பெட்டியில் பச்சை லைட். பச்சை எரிந்தால் சரி என்று விட்டேன்.

அதுவும் முழு உண்மை இல்லை. அறுத்தவள் நான் என்று எழுத வெட்கம். எல்லோரும் புகழ்கிற கொப்பி.

இன்று மகளிடம்: "வயர் நீளம் கூடினா என்ன புள்ள?"

"மீற்றருக்கு நாலு நனோ செக்கன் மாதிரி பிந்தும். ஏன் உம்மா?"

"சும்மா."

தையல் டேப்போடு மாடிக்கு. பழையது பத்து மீற்றர் என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே என் கையெழுத்தில். புதியது முப்பது. இருபது கூட. இருபது நாலு எண்பது.

மிளகாயை அள்ள மறந்துபோச்சு.

நவம்பர் 5, புதன்

விடிய சுபஹ் தொழுதது நினைவு. என்ன ஓதினேன் என்பது நினைவில்லை.

எங்கட அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "கண் மூடித் திறக்க முந்திக் லட்சம் தரம் போற நேரம். அதுக்கா அழுற?"

"நேரத்துக்கு அழல்ல. அந்தப் புள்ளைக்கு."

மறுகா, சிரிப்பை விட்டு, "இப்ப சொன்னா உன்ட மகளுக்குத்தான் கெட்ட பேர். யோசிச்சுக்க."

யோசித்தேன். மகளுக்கு என்று சொல்லிக்கொண்டு எனக்காகவே யோசித்தேன்.

கொப்பி அமானிதமாக, என்னை நம்பித் தந்தது. ஐந்து நேரமும் தொழுகிற கை எழுதிய பொய். தௌபா செய்து மன்னிப்புக் கேட்டால் அல்லாஹ்வின் பங்கு தீரும். நுஸ்ரத்தின் பங்கை அவதான் மாப்புச் செய்ய வேணும்.

அரிசி முடிந்தது. உப்பு, தேயிலை.

நவம்பர் 6, வியாழன்

மகளிடம் சொல்லியாச்சு. ஏசவில்லை. மாடிக்குப் போய் வளையத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "உம்மா, அண்டைக்கு நீங்கதானே தேத்தண்ணி குடுத்தீங்க அவட வாப்பாக்கு, அவர் தொடவே இல்ல." அவ்வளவுதான்.

சேருக்கு நானே கோல் எடுத்தேன். எல்லாம் சொன்னேன். சேர்: "வயரைக் கழிச்சுக் கணக்குப் பாக்கலாம். ஆனா உம்மா, மத்த நாளையில நீங்க எழுதினத இனி எப்பிடி நம்புற?" மகளின் இரண்டு மாத வேலையும் திரும்பச் செய்ய வேணுமாம். சம்மாந்துறைப் பெட்டி கழற்றுவதில்லை என்றார். ஆனால் நுஸ்ரத் போனை எடுக்கிறா இல்லையாம். படிப்பை விடப்போறதாக யாரிடமோ சொன்னாவாம்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அவவுக்கு அனுப்பியது, அப்படியே:

"அஸ்ஸலாமு அலைக்கும் மகள். நான் றிஸ்னாட உம்மா. 17ஆந் திகதி வயரை அறுத்தது நான், மாத்தினது நான், எழுதாம விட்டது நான். அந்த வயராலதான் எண்டு திங்கக்கிழமை தெரியாது, செவ்வாய் தெரியும். ரெண்டு நாள் பேசாம இருந்திட்டன். உங்கட பெட்டியில ஒரு பிழையும் இல்ல, சேருக்குச் சொல்லியாச்சு. உங்கட வாப்பாட்ட வந்து சொல்ல வேணும், எப்ப வரலாம்? மாப்புத் தாறது உங்கட விருப்பம். படிப்ப மட்டும் விட வேணாம். நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி ஒரு பதில் போடுங்க."